கூரை மேல் மணல் மூட்டை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் கடலூர், புதுச்சேரி தெருக்களில் ஏணிகள் வெளியே வந்துவிடும். கொல்லையில் நிற்கும் தகர ஷெட்டின் மேல் மணல் மூட்டை, பழைய டயர், உடைந்த அம்மிக்கல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஏற்றுவார்கள். 25 கிலோ மூட்டை பத்து வைத்தாலும் மொத்தம் 250 கிலோதான். புயல் அந்தக் கூரையைத் தூக்கும் பலம் அதைப்போல் பல மடங்கு. ஷீட்டோடு சேர்ந்து அம்மிக்கல்லும் பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் இறங்கும். கூரையை மேலிருந்து அழுத்திப் பிடிக்க முடியாது, அடியிலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். கொல்லை ஷெட்டைக் கட்டும்போதே இதை எப்படிச் செய்வது என்று தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் கணக்கு. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி நம் கரையோரத்துக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். 10-க்கு 12 அடி ஷெட்டுக்கு நாலு பக்கமும் ஓரடி இறவாரம் விட்டால் கூரை 168 சதுர அடி, ஏறக்குறைய 15.6 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2,300 கிலோ மேல்நோக்கி இழுக்கிறது. பைப் கூடும் கூரை ஷீட்டும் சேர்த்து எடை 350 கிலோ வந்தால் அதிகம். மிச்சத்தை அஸ்திவாரம்தான் பிடிக்க வேண்டும்.

'ஃபெஞ்சல் வந்தபோதே அசையவில்லை, இனி என்ன ஆகும்' என்று சிலர் சொல்வதுண்டு. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சலில் மழைதான் பேயாட்டம் ஆடியது. காற்று 70-80 கி.மீ., இடையிடையே 90. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நுழைந்த தானே 120-லிருந்து 140 கி.மீ. வேகத்தில் வந்தது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகும். 80-ல் நின்ற ஷெட் 140-ல் மூன்று மடங்கு இழுப்பைச் சந்திக்கும். ஃபெஞ்சலில் தப்பியதை வைத்துத் தேர்ச்சிச் சான்று கொடுத்துவிட முடியாது.

மண்ணைப் பொறுத்து குழி மாறும். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் வெட்டின இடத்தில் நிற்கும். தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலோர மணலில் இரண்டடி போவதற்குள் குழி வாய் சரிந்து கிணறு மாதிரி அகன்றுவிடும். அங்கே இரண்டடி விட்டமுள்ள சிமெண்ட் உறையை இறக்கி, உள்ளிருக்கும் மணலை அள்ளி, உறைக்குள்ளேயே கான்கிரீட் போடுவது சுலபம். பாகூர் பக்கத்துக் களிமண் வெயிலில் வெடித்து மழையில் ஊதும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே, நாலு அல்லது ஐந்து அடிக்குப் போகாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு தூண் ஏறும், ஒரு தூண் இறங்கும். பிறகு கதவு சாத்தாது.

12 அடிப் பக்கத்தில் ஆறடிக்கு ஒன்றாக மூன்று தூண், எதிர்ப்பக்கம் மூன்று, ஆக ஆறு குழி. மேட்டு நிலத்தில் குழி ஒன்றரை அடிச் சதுரம், மூன்றடி ஆழம். ஒரு குழிக்கு 6.75 கன அடி கான்கிரீட், எடை 460 கிலோ. ஆறுக்கும் சேர்த்து 2,750 கிலோ. மேலே சொன்ன 2,300-ஐப் பிடிக்க இது போதும். மூலைத் தூணைவிட நடுத்தூணுக்குக் கூரையில் பங்கு அதிகம். 'நடுவில்தானே, சின்னதாக வெட்டினால் போதும்' என்று ஆள் சொன்னால் கேட்காதீர்கள்.

கெடிலம், தென்பெண்ணைக் கரையோரத் தாழ்நிலத்தில் இந்தக் கணக்கு தப்பும். காரணம், புயலும் வெள்ளமும் நம் ஊரில் கைகோத்து வருகின்றன. காற்றில் நிற்கும்போது கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. நீரில் முழுகிவிட்டால் ஆர்க்கிமிடீஸ் ஆயிரம் கிலோவைக் கழித்துக்கொள்வார், மிச்சம் 1,400. 2,750 கிலோ என்று நம்பிப் போட்ட அஸ்திவாரம் சேறு குழம்பிய அன்றைக்கு 1,600 கிலோதான். அதனால் தண்ணீர் நிற்கும் மனையில் குழியை இரண்டடிச் சதுரம் ஆக்குங்கள், ஆழம் அதே மூன்றடி. அப்போது நீருக்குள்ளும் 2,850 கிலோ தேறும். சிமெண்ட் ஒன்பது மூட்டை பதினாறு ஆகும். இந்த ஏழு மூட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கலவை 1:1½:3. மேட்டு நில அளவுக்கு ஒன்பது மூட்டை சிமெண்ட், 17 கன அடி எம்-சாண்ட், 34 கன அடி முக்கால் அங்குல ஜல்லி. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஊற்றக் கூடாது. வேலையாட்களுக்குக் கலவை கூழ் மாதிரி ஓடினால்தான் பிடிக்கும். ஓடவிட்டால் வலு பாதியாகக் குறையும். கடற்கரையை ஒட்டிய பல இடங்களில் போர்த் தண்ணீர் நாக்கில் வைத்தாலே உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீரோ கடல் மணலோ கலவையில் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கட்டுமானத்துக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் டேங்கர் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குழியிலும் 12 மி.மீ. கம்பி நாலு, ஆறு அங்குலத்துக்கு ஒரு 8 மி.மீ. ரிங். மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விலகி நிற்கக் கவர் பிளாக் எனும் சிறு கான்கிரீட் கட்டை. நடுவில் அடி கொக்கியாக வளைந்த 16 மி.மீ. ஜே போல்ட் நாலு, ஒன்றரை அடி நீளம், கொக்கி கம்பிக் கூட்டில் கட்டியிருக்க வேண்டும். கான்கிரீட் தரைக்கு மேல் ஆறு அங்குலம் எழும்பி நிற்கட்டும், தலை நாலாபுறமும் வாட்டமாக இருக்கட்டும்.

பட்டறைக்காரர்களோடு பெரிய வாக்குவாதம் வருவது இந்த இடத்தில்தான். பெரும்பாலோர் பைப்பை நேராகக் குழியில் நட்டுக் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். வேலை மிச்சம், பார்க்கவும் கெட்டியாகத் தெரியும். நாலைந்து வருடம் கழித்து அந்தத் தூண் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் குனிந்து பாருங்கள். பைப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும், அதில் உப்பு கலந்த மழைநீர் தேங்கியிருக்கும், பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். ஓரங்குல உயரத்துக்கு மட்டும் வளையமாக அரித்திருக்கும். மேலும் கீழும் பைப் புதிதுபோலவே இருக்கும். காற்று வந்தால் தூண் அந்த வளையத்தில்தான் ஒடியும். சவுக்குக் கழி நட்ட பந்தலும் தரைமட்டத்தில்தான் மக்கும், சங்கதி ஒன்றே. அதனால் தூணின் அடியில் 8 அங்குலச் சதுர, 10 மி.மீ. பேஸ் பிளேட் வைத்துச் சுற்றிலும் முழு வெல்டிங் செய்து, ஜே போல்ட்டில் நட்டுப் போட்டு முடுக்க வேண்டும். துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், கழற்றி மாற்றவும் முடியும்.

போல்ட் நாலும் கான்கிரீட் ஊற்றும்போது சாயாமலிருக்க, பேஸ் பிளேட் அளவிலேயே பலகையில் நாலு துளை போட்டு அதில் மாட்டி வையுங்கள். மரையில் கிரீஸ் தடவித் துணி சுற்றுங்கள். சாய்ந்துவிட்டால் வெல்டர் கேஸ் கட்டரால் துளையைப் பெரிதாக்குவார். பிறகு வாஷருக்குப் பிடிக்க இரும்பே மிஞ்சாது. ஆறு குழியின் மையத்தையும் நூல் கட்டிச் சரிபார்க்கும்போது மூலைவிட்டம் இரண்டும் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். ஓர் அங்குலம் தப்பினால் ஷீட் கோணலாகப் போகும், கடைசி ஷீட்டில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டானால் பத்து நாள் தண்ணீர் காட்டிய பிறகே தூண் ஏற்றலாம்.

தூணுக்கு 60-க்கு 60, 3 மி.மீ. ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய சதுர பைப். 6 மீட்டர் நீளம் ஒன்று 30 கிலோவுக்குக் குறைந்தால் கனம் குறைவு என்று அர்த்தம், திருப்பிக் கொடுங்கள். உயரமான தூண் 9 அடி 2 அங்குலம், குட்டைத் தூண் 7 அடி 6 அங்குலம் வைத்தால் பத்தடிக்கு 20 அங்குல வாட்டம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 16 அடி 8 அங்குலம். ஒரு 6 மீட்டர் பைப்பில் ஒரு ஜோடி, மூன்று பைப்பில் ஆறு தூணும் முடியும். மிஞ்சும் மூன்றடித் துண்டுகளைப் பாதியாக வெட்டினால் தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே போடும் முட்டுக்கு ஆகும். சாய்வுச் சட்டம் 80-க்கு 40, 3 மி.மீ., 12 அடி நீளத்தில் மூன்று. அதன் மேல் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் பர்லின் 60-க்கு 40, 2 மி.மீ., 13½ அடியில் ஐந்து. பர்லின் வெட்டிய பிறகு மிஞ்சும் ஆறடித் துண்டு ஐந்தும், ஆறடி இடைவெளித் தூண்களுக்கு நடுவே சுவர் ஷீட்டைப் பிடிக்கும் குறுக்குச் சட்டமாகப் பொருந்தும். இந்த அளவுகளில் கட்டினால் தூண் பைப்பிலும் பர்லின் பைப்பிலும் கழிவு இரும்புக் கடைக்குப் போட ஒன்றும் மிஞ்சாது.

சட்டத்தின் மேல் பர்லினை வைத்து இரண்டு பக்கமும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டு இறங்குவது வழக்கம். அந்தப் பொட்டு கீழ்நோக்கிய எடைக்குப் போதும், மேல்நோக்கிய இழுப்புக்குப் போதாது. தானே மாதிரி காற்றில் ஷீட் தனியாகப் பறக்காது, பர்லினோடு சேர்ந்து பாயாகச் சுருண்டு போகும். ஒவ்வொரு சந்திப்பிலும் 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிள் துண்டு வைத்து, இரண்டு 10 மி.மீ. போல்ட் போடுங்கள். ஐந்து பர்லின், மூன்று சட்டம், பதினைந்து சந்திப்பு, முப்பது போல்ட். இரண்டு குறுகிய பக்கத்திலும் பின்சுவரிலும் பெருக்கல் குறி வடிவில் ஆங்கிளோ 12 மி.மீ. கம்பியோ குறுக்காக ஓட வேண்டும். இல்லையென்றால் கூடு மொத்தமும் தீப்பெட்டி ஒருபக்கம் சரிவதுபோல் சாயும். புயலின் மையம் தாண்டும்போது காற்று திசை மாறி அடிக்கும் என்பதால் ஒரே பக்கம் முட்டுக் கொடுப்பது பயன்தராது.

ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்யும் முன் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். அப்படியே பற்றவைத்தால் வெண்புகை எழும்பும், வெல்டருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பற்றும் பொத்தல் பொத்தலாகத்தான் இருக்கும். பிறகு ஸ்லாக்கை, அதாவது வெல்டிங் கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் நிறைந்த பிரைமர் இரண்டு கோட். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ரெட் ஆக்சைடை மட்டும் நம்பக் கூடாது. பைப்பின் திறந்த வாய்கள் எல்லாவற்றையும் தகடு வைத்து மூடிவிடுங்கள். உப்புக் காற்று உள்ளே போனால் வெளியே பெயிண்ட் அடித்தும் வீண்.

ஷீட்டுக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு, மேலே ஏறினால் ஆளோடு உடையும். அலுமினியம்-துத்தநாகப் பூச்சும் கலர் கோட்டிங்கும் உள்ள 0.5 மி.மீ. ஷீட், 12 அடியில் நாலு போதும். ஒன்று மூன்றரை அடிக்கு மூடும். கடையில் 0.5 என்று சொல்லி 0.35 கொடுப்பது நடக்கிற சமாசாரம், கண்ணால் வித்தியாசம் தெரியாது. தராசு சொல்லும்: 12 அடி ஷீட் 15 கிலோவுக்குக் குறையக் கூடாது. 11 கிலோ நின்றால் அது 0.35.

பர்லின்கள் 2 அடி 9 அங்குல இடைவெளியில், இரண்டு முனையிலும் ஷீட் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வர வேண்டும். இறவாரத்தை இரண்டடி, இரண்டரை அடி நீட்டிக்கொண்டால் நிழல் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். அங்கே மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல், இரண்டும் ஒரே ஷீட்டில் விழும். ஓரத்துப் பர்லின்களில் ஷீட் மடிப்பின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ, நடுவில் மேடு விட்டு மேடு. ஆனால் இரண்டு பக்கவாட்டு ஓரங்களிலும் மூன்றடிக்கு ஒவ்வொரு மேட்டிலும். ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு குட்டி ஸ்க்ரூ. மொத்தம் 150 வாங்கினால் சரியாக இருக்கும். குட்டி ஸ்க்ரூக்கள் போக, பர்லினில் இறங்கும் ஏறக்குறைய நூறு ஸ்க்ரூவில் சராசரியாக ஒன்றுக்கு 23 கிலோ இழுப்பு என்றாலும், மூலையில் அது இரண்டு மடங்குக்கும் மேல். ஷீட் பிய்வது எப்போதும் மூலையில் தொடங்குவது அதனால்தான். ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருவதைவிட, ஸ்க்ரூ தலை அப்படியே நிற்க ஷீட் அதைக் கிழித்துக்கொண்டு போவதுதான் அதிகம். மணிக்கணக்கில் காற்று தூக்கித் தூக்கிப் போட, துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீறல் விழுந்து ஓட்டை பெரிதாகும். ஓரத்து வரிசைகளில் அகலமான புயல் வாஷர் போட்டால் இது நிற்கும்.

ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். தட்டையாக நசுங்கும்வரை முடுக்கினால் இரண்டு கோடையில் வெடித்து ஒழுகும். துளைக்கும்போது விழும் இரும்புத் துருவலை அன்று மாலையே மெத்தென்ற துடைப்பத்தால் கூட்டிவிடுங்கள். ஒரு ராத்திரிப் பனி போதும், காலையில் புது ஷீட் முழுக்கச் செம்புள்ளி விழுந்திருக்கும். அது ஷீட்டின் துரு இல்லை, துருவலின் துரு, ஆனாலும் அங்கிருந்துதான் அரிப்பு ஆரம்பிக்கும். கிரைண்டரால் ஷீட்டை வெட்டினால் ஓரத்துப் பூச்சு கருகும். தகடு வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் ஒழுகாமலிருக்கக் கொத்தனார் சிமெண்ட் சாந்து அப்புவார். ஈரச் சாந்தின் காரம் அந்தப் பூச்சைத் தின்னும். அங்கே மடித்த தகடும் சிலிக்கானும்தான் வேண்டும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும் கூரையில் விழக் கூடாது.

கீழே இரண்டரை அடி உயரத்துக்கு நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால் எலிக்கும் சாரலுக்கும் தடை. நெய்வேலி சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல் 500 போதும். தரை, போன வெள்ளத்தின் சுவடு தெரியும் மட்டத்துக்கு மேலே ஓரடியாவது இருக்கட்டும். மூன்று அங்குலக் கான்கிரீட், 1:3:6, நாலு மூட்டை சிமெண்ட். அடியில் கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

கதவை அலட்சியம் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கதவு தெற்கிலோ மேற்கிலோ, கூரையின் தாழ்ந்த பக்கம் வடக்கிலோ கிழக்கிலோ இருப்பது நல்லது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மூன்று கீல், மேலும் கீழும் தாழ்ப்பாள். காற்றில் கதவு பிய்த்துக்கொண்டால், உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலே சொன்ன 2,300 கிலோ அப்போது ஒன்றரை மடங்கு ஆகும். அஸ்திவாரக் கணக்கெல்லாம் ஒரு தாழ்ப்பாளால் வீணாகும்.

வேலை செய்ய மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். ஷீட்டுகளை ஏற்றிவிட்டு 'மிச்ச ஸ்க்ரூ நாளைக்கு' என்று இறங்குவது எந்த மாதத்திலும் கூடாது. கட்டி முடித்த பின் புரட்டாசியில் ஒருமுறை நட்டுகளை முடுக்கி, வாஷர்களைப் பாருங்கள். கூரையின் மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடிப்பக்கத்தையும் அதற்குக் கீழே உள்ள சுவர் ஷீட்டையும் மழை தொடாது, துரு முதலில் பிடிப்பது அங்கேதான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பீய்ச்சி அடித்தால் போதும்.

ஏற்கெனவே கட்டி நிற்கும் ஷெட்டுகளை இடிக்கத் தேவையில்லை. ஓரத்தில் ஸ்க்ரூவை இரட்டிப்பாக்கி வாஷர் போடலாம்; பொட்டு வெல்டிங் சந்திப்புகளில் ஆங்கிள் துண்டு சேர்க்கலாம்; தூணடியில் அரித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பேஸ் பிளேட் வைக்கலாம். இவற்றுக்கு ஒரு வெல்டரும் ஒரு உதவியாளும் இரண்டு நாள் வேலை செய்தால் போதும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புயல் முன்னெச்சரிக்கைத் துண்டுப் பிரசுரங்களில் 'கூரைகளைப் பாதுகாப்பாகக் கட்டி வையுங்கள்' என்று ஒரே வரியில் முடிக்காமல், ஸ்க்ரூ இடைவெளியையும் சந்திப்பு ஆங்கிளையும் ஒரு படமாகப் போடலாம். ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் மேல்நோக்கிய இழுப்புக்கு ஒரு வகுப்பு ஒதுக்கலாம். ஷீட் கடைகள் பில்லில் 'கலர் ஷீட் 4' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், கனத்தையும் ஒரு ஷீட்டின் எடையையும் எழுதித்தர வேண்டும் என்று ஆணையிட்டால், வாங்குகிறவர் வண்டியில் ஏற்றும் முன் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.